பைன் மரத்தின் கீழ்க் கிளைகள்

எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுக் குழந்தையைத் தரலாமா என்று முடிவு சொல்ல ஓர் அதிகாரியம்மா வருவார் என்று தத்து மையத்திலிருந்து போன் வந்தது. என்றைக்கு என்று கேட்டேன். "இந்த வாரத்துல ஒரு நாள்" என்றார்கள். நாளைச் சொன்னால் குறைந்தா போய்விடுவார்கள்? அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

தையல் கம்பெனியில் நான் செக்கிங் பிரிவு. தைத்து வருகிற சட்டையில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பத்தான் எனக்குச் சம்பளம். அந்தக் கண்ணை வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைக்க முடிவதில்லை. துடைத்த ஜன்னலையே மறுபடி துடைத்தேன். புதுத் திரைச்சீலை மாட்டினேன், பிடிக்கவில்லை, பழையதையே மாட்டினேன். என் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணையே பார்த்துப் பார்த்து, எதைக் கண்டாலும் அது யார் கண்ணிலாவது குத்திவிடும் என்று அவருக்குப் பயம். மேஜை முனைகளுக்கெல்லாம் ரப்பர் ஒட்டினார். சாவி மாட்டுகிற கொக்கியைப் பிடுங்கி எறிந்தார். எல்லாம் இன்னும் வராத பிள்ளைக்காக.

வாசல் தோட்டத்தில் என் பைன் மரம் நின்றது. அழகுக்கு வளர்க்கும் குட்டை ரகம். நர்சரியில் யாரும் சீந்தாமல் மூலையில் கிடந்த தொட்டிச் செடியாக வாங்கி வந்தேன். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும் என்று மணல் கொட்டி, மேடாக்கி நட்டேன். புதுத் துளிர்கள் மெழுகுவர்த்தி போல நிமிர்கிற பருவத்தில் ஒவ்வொன்றிலும் பாதியைக் கிள்ளிவிட வேண்டும். விரலால்தான். கத்தரி பட்டால் ஊசி முனையெல்லாம் கருகிவிடும். அப்படிக் கிள்ளிக் கிள்ளித்தான் தரையிலிருந்து என் தலை உயரம் வரை அடர்த்தியாகக் கொண்டுவந்திருந்தேன். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி வெறுங்கையோடு திரும்பிய வருடங்களில், என் பாடு வீண் போகவில்லை என்று காட்டியது அது ஒன்றுதான்.

அந்த வாரம் பார்த்து அதன் உள்பக்கத்து ஊசிகள் மஞ்சளடித்தன. வருடா வருடம் பழைய ஊசிகள் பழுத்து உதிர்வதுதான், நோயில்லை. எனக்குத் தெரியும். வருகிற அம்மாவுக்குத் தெரிய வேண்டுமே! மரத்தையே காயவிட்டவளிடம் பிள்ளையை எப்படிக் கொடுப்பது என்று நினைத்துவிட்டால்? வேலைக்குப் போவதற்கு முன்பும் வந்த பின்பும் கிளைகளுக்குள் கையை விட்டு மஞ்சள் ஊசிகளை உருவிக்கொண்டே இருந்தேன். சோறு பிசைந்தாலும் விரலில் பிசின் மணந்தது.

வாரம் முடிகிற நேரம். அன்று மாலை வேலை முடிந்து வந்து கேட்டைத் திறந்தால், மரத்தில் என் இடுப்பு உயரத்துக்குக் கீழே ஒரு கிளைகூட இல்லை. வெறும் தண்டு. பக்கத்தில் ரம்பத்தோடு, வேர்த்து விறுவிறுத்து, ஏதோ சாதித்த முகத்தோடு இவர்.

"என்னங்க இது?"

"குழந்தை கண்ணுல குத்திடும்ல. தவழுற பிள்ளை நேரா இங்கதான் வரும்."

"எந்தக் குழந்தை? எங்க இருக்கு? கண்ணுல காட்டுங்க பார்ப்போம்!"

"ஏன் கத்துற? மறுபடி துளிர்த்துடும்."

"துளிர்க்காது! ஊசியில்லாத கட்டையிலேர்ந்து பைன் துளிர்க்கவே துளிர்க்காது. இனிமே ஆயுசுக்கும் இப்படித்தான். ஒரு வார்த்தை என்னைக் கேட்டா உங்க வாய்ல இருக்கிற முத்து கொட்டிடுமா?"

அவர் முகம் செத்துவிட்டது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இன்னும் என்னென்ன சொல்லியிருப்பேனோ. கேட் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

தோளில் பையோடு ஓர் அம்மா. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. அதிகாரியம்மாதான், எல்லாம் போச்சு என்று அவசரமாக முகத்தைத் துடைத்தேன்.

"உள்ளே வாங்க மேடம்."

"இங்கேயே காத்து வருது, இருக்கட்டும்."

துடைத்துத் துடைத்து வைத்த வீட்டை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இவர் கொண்டுவந்து போட்ட இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து, தரையில் கிடந்த கிளைகளைப் பார்த்தார்.

"நேரா விஷயத்துக்கு வர்றேன். நீங்க கேட்டது கைக்குழந்தை. அது எப்போ கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது. இப்போ ஒரு பொண்ணு இருக்கா. ஏழு வயசு. ரெண்டு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்துட்டா. கொஞ்சம் பிடிவாதம். யோசிச்சுச் சொல்லுங்க. முடியாதுன்னா இப்பவே முடியாதுன்னு சொல்லிடுங்க. மூணாவது தடவையும் அவ திரும்பி வரக்கூடாது."

 நான் மனதில் சுமந்தது மடியில் கொள்கிற ஒரு சிசுவை. இதுவோ இரண்டு வீட்டார் வேண்டாம் என்று விட்ட பிள்ளை. குறையைக் கண்டதும் திருப்பி அனுப்பியே பழகிய கை என்னுடையது. அந்தக் கையை நினைத்து எனக்கே பயமாக இருந்தது. அதிகாரியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பைத் திருகினேன், பிரித்தேன், மறுபடி திருகினேன்.

இவர் மட்டும் மரத்தருகே போனார். தன் நெஞ்சுக்கு நேரே கையை வைத்து ஏதோ அளந்தார்.

"ஏழு வயசுன்னா இவ்வளவு உயரம் இருப்பாளா மேடம்?"

கேட்டுவிட்டு ரம்பத்தைத் தூக்கி அடுத்த கிளையில் வைத்தார்.

"எடுங்க கையை!" நாற்காலி சாய, எழுந்து கத்தினேன். "ஏழு வயசுப் பொண்ணுக்குக் கண்ணு தெரியாதா? பக்கத்துல போகாதேன்னு சொன்னா கேட்டுக்குவா. கேட்கலைன்னா நான் பார்த்துக்கறேன். இன்னும் ஒரு கிளையைத் தொட்டீங்க, அப்பாவும் பொண்ணும் இன்னிக்கி ராத்திரி தோட்டத்துலதான் படுக்கணும்!"

இவர் ரம்பத்தைக் கீழே போட்டுவிட்டு, வெட்டிய கிளைகள் மேலேயே உட்கார்ந்துவிட்டார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

"எப்போ வந்து அவளைப் பார்க்கறீங்க?" என்று கேட்டார் அதிகாரியம்மா.

"இதோ" என்று வாசலெல்லாம் செருப்பைத் தேடினேன். அது என் காலில்தான் இருந்தது.