இரண்டாவது சாவி

கொடைக்கானல் மலையில் இருக்கும் கூக்காலில் கேரட் கழுவும் கொட்டகையில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். அதனால் சுசித்ராவுக்கு ஆபீஸும் அதுதான். ஒரு பக்கம் மிஷின் உருண்டு சேற்றுத் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் மூட்டைகளுக்கு நடுவில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இவள் உட்கார்ந்திருப்பாள்.

அன்று காலை மிஷின் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. உறைபனி விழுந்து வாய்க்கால் ஓரத்துப் புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது. விறைத்த விரல்களைத் தேய்த்துக்கொண்டே மெயிலைத் திறந்தாள். 'நாழிகை'யின் புதிய பதிப்பு வெளியாகிவிட்டது என்றது முதல் மெயில்.

வெளியிட்டது அவள் இல்லை.

நாழிகை அவள் எழுதிய ஒரு சின்ன நிரல். ரூபி என்ற கணினி மொழியில் வேலை செய்கிறவர்கள் ஒருவர் செய்த சாமானை மற்றவர் எடுத்துப் புழங்கிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட சாமானுக்கு ஜெம் என்று பேர். உலகத்து ஜெம்மெல்லாம் இணையத்தில் ஒரு பொதுக் கிடங்கில் கிடக்கும். எந்தத் தேதியைக் கொடுத்தாலும் அன்றைக்கு என்ன நட்சத்திரம், என்ன திதி என்று சொல்வது நாழிகையின் சோலி. கல்யாண மண்டபம், சத்திரம், லாட்ஜ் என்று புக்கிங் நடத்துகிறவர்கள் பலர் அதை நம்பித்தான் இருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் சென்னைக் கம்பெனி ஒன்று இவளுக்கு ஒப்பந்த வேலை கொடுத்தது. அம்மா அடுத்தவர் காட்டில் பூண்டு பிடுங்கியும், அண்ணன் ஜெயமுருகன் லாரிக்கு மூட்டை ஏற்றியும் ஓட்டிய குடும்பம். இன்றைக்கு அண்ணன் பேரில் ஒரு பிக்கப் வண்டி நிற்கிறது என்றால் அந்த ஒப்பந்தத்தின் தயவுதான். அதைப் புதுப்பிக்க வேண்டியது இந்த மாதம். நாழிகைக்குள் எவனாவது விஷத்தை, அதாவது திருட்டு நிரலை, வைத்துவிட்டால் வேலையும் போகும், பேரும் போகும்.

கிடங்கில் நாழிகையை வெளியிட இரண்டு சாவி. ஒன்று இவளிடம். இன்னொன்றை இவளே தாரணி என்ற ஆளுக்குக் கொடுத்திருந்தாள்.

தாரணி ஆணா பெண்ணா என்றுகூட இவளுக்குத் தெரியாது. ஒரு வருடத்துக்கும் மேலாக நாழிகையில் இருக்கும் பிழைகளைத் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்த பேர், அவ்வளவுதான். பழனிப் பக்கம் என்று ஒரு தடவை எழுதியது உண்டு. திருத்தம் ஒவ்வொன்றும் சுத்தமாக இருக்கும். எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் கையோடு வரும்.

சாவி கொடுத்ததற்குக் காரணம் போன புரட்டாசியில் நடந்த கூத்து. அந்தப் பொதுக் கிடங்கின் நிரல்களைப் பல வருடமாகப் பராமரித்து வந்தவர்கள் சிலருடைய அனுமதி திடீரென்று பறிக்கப்பட்டது. பாதுகாப்புக்காகச் செய்தோம் என்றார்கள் நடத்துகிறவர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்றார்கள் வெளியே நிறுத்தப்பட்டவர்கள். ரூபிக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாரக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் மொழியை உருவாக்கும் குழுவே அந்த நிரல்களின் பொறுப்பை ஏற்றது. சுசித்ரா அதையெல்லாம் படித்துப் படித்துத் தூக்கம் கெட்டாள். ஒரே ஆள் கையில் எதுவும் இருக்கக் கூடாது, நாளைக்கு நான் பஸ்ஸோடு பள்ளத்தில் உருண்டாலும் நாழிகை ஓட வேண்டும் என்று பட்டது. தாரணியைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

இப்போது புதிய பதிப்பை இறக்கிப் பிரித்துப் பார்த்தாள். ஜெம்மின் மூல நிரல், சுருக்கமாக மூலம், எல்லாரும் பார்க்கும்படி வேறொரு இடத்தில் இருக்கும். வெளியாகிற ஜெம்மும் அந்த மூலமும் ஒன்றாக இருக்க வேண்டும். மூலத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஜெம்முக்குள் மட்டும் புதிதாக ஒரு கோப்பு இருந்தது. அதற்குள் பக்கம் பக்கமாக எழுத்தும் எண்ணும் குழம்பிக் கிடந்தன, மனுசர் படிக்கிற மாதிரி ஒரு வார்த்தை இல்லை.

விஷம் வைத்த ஜெம்கள் பிடிபட்ட செய்திகளை அவள் ஒன்றுவிடாமல் படித்திருக்கிறாள். நல்ல பிள்ளையாக நெடுநாள் பழகி, சாவியை வாங்கிக்கொண்டு, ஒரு நாள் இப்படித்தான் உள்ளே எதையாவது சுருட்டி வைப்பார்கள். மூலத்தில் இல்லாதது ஜெம்மில் இருந்தால் முதலில் அதைத்தான் சந்தேகப்படச் சொல்வார்கள்.

'இந்தப் பதிப்பு நீங்கள் போட்டதா? உள்ளே இருக்கும் அந்தக் கோப்பு என்ன?' என்று தாரணிக்கு எழுதி அனுப்பினாள். பதில் இல்லை.

ஜெயமுருகன் மூட்டை தூக்க வந்தான்.

"என்னம்மா, பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"அண்ணே, கொஞ்சம் பேசாம இரு."

"இருக்கேன். அந்தப் பொட்டிய நகட்டு, அடி மூட்டைய உருவணும்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றான். "என்ன, திருட்டா?"

"திருட்டு மாதிரிதான் இருக்கு. தாரணின்னு சொன்னேன்ல, அந்த ஆளு."

"மொகத்தப் பாக்காம சாவியக் குடுத்தியே, அதுவா? நான் என் வண்டிச் சாவிய மச்சானுக்கே குடுக்கிறதில்ல."

"மச்சான் குடிச்சுட்டு ஓட்டுவாரு, அதனால குடுக்கிறதில்ல."

"அதத்தான் நானும் சொல்றேன். எவன் எப்பக் குடிப்பான்னு யாருக்குத் தெரியும்."

அவன் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான். சுசித்ரா கிடங்கின் பக்கத்தைப் பார்த்தாள். புதிய பதிப்பை இறக்கியவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. ஏறுகிற ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய கணினி. தாரணியிடமிருந்து இன்னும் எதுவும் வரவில்லை. எந்நேரமும் பதில் சொல்லும் ஆள் இன்றைக்கு மட்டும் ஏன் வாய் திறக்கவில்லை?

பதிப்பைக் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டாள். பிறகு தாரணியின் பேரையும் நீக்கினாள். 'நிச்சயம்தானா?' என்று அந்தப் பக்கம் கேட்டது. போனில் வந்த ரகசிய எண்ணைத் தட்டினாள். பேர் மறைந்தது.

நிம்மதி வரவில்லை. விஷம் என்னவென்று பார்த்துவிட்டால் நாலு பேரை எச்சரிக்கலாம் என்று அந்தக் கோப்பை ஓட்டாமல், படிக்க மட்டும் செய்யும் விதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்தாள். எண்கள் வந்தன. எண்களுக்கு மேல் எண்கள். அவற்றை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. நாழிகையின் பழைய அட்டவணையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அசுவினி தொடங்கும் நேரம், பரணி தொடங்கும் நேரம், கார்த்திகை. வரிக்கு வரி ஒன்றாகவே இருந்தது. கடைசி ரேவதிவரைக்கும் போய்ப் பார்த்தாள். வேறு எதுவுமே இல்லை.

அப்போதுதான் புரிந்தது. ரூபிக்குக் கிறிஸ்துமஸ்தோறும் புதுப் பதிப்பு வரும், கொடைக்கானலில் ரூம் கிடைக்காமல் டூரிஸ்டுகள் காருக்குள் தூங்குகிற அதே நாளில். இந்த முறை வந்தது நான்காம் ரூபி. இத்தனை நாள் மொழியோடு சும்மா கூடவே வந்த சில சின்னச் சாமான்களை இனி அவரவர்தான் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நாழிகை தன் நட்சத்திர அட்டவணையை வைத்திருந்தது அப்படிப்பட்ட ஒரு சாமானில். புது ரூபியில் அது படுத்துவிடும். தாரணி அந்தச் சாமானையே தூக்கிப் போட்டுவிட்டு, அட்டவணையைச் சுருட்டி ஜெம்முக்குள்ளேயே வைத்திருந்தார். இவள் செய்ய வேண்டிய வேலை. நாளைக்கு, நாளைக்கு என்று இவள் தள்ளிப்போட்ட வேலை.

போன் அதிர்ந்தது. 'என் பேரை எடுத்திருக்கீங்க. பதிப்பையும் காணோம். ஏன்?' கீழே ஒரு நம்பர் இருந்தது.

கூப்பிட்டாள். எடுத்தது ஒரு பெண் குரல். அதற்குப் பின்னால் மேளமும் அரோகராவும் கேட்டன. பழனியில் தைப்பூசக் கூட்டம்.

"சொல்லுங்க. தாரணிதான் பேசுறேன்."

"நான் சுசித்ரா. கூக்கால்ல இருந்து."

"ம். உங்க கேள்விய இப்பத்தான் பாத்தேன். விடிய விடிய உக்காந்துட்டு அப்பத்தான் கண்ண மூடுனேன், கவுண்டர்ல இருந்து வந்து எழுப்புறாங்க. கம்ப்யூட்டர்ல ஒரு ரூமும் காட்டலையாம்." அவள் வேலை செய்வது அடிவாரத்தில் ஒரு லாட்ஜில், அங்கே புக்கிங் முழுக்க அவள் பொறுப்பு. "எங்க சிஸ்டம் தெனமும் காலையில எல்லாத்தையும் புதுசா இறக்கும். நீங்க அதை எடுத்துட்டீங்க. நேத்து ராத்திரிதான் புது ரூபிக்கு மாத்துனேன், பழசு அதுல ஓடாது. காரைக்குடிப் பக்கமிருந்து நடந்தே வந்த சனம் கால் வெடிச்சுப்போய் வாசல்ல உக்காந்திருக்கு. யாருக்கு எந்த ரூமுன்னு தெரியல. மொதலாளி என்னையே பாத்துட்டு நிக்கிறாரு."

"மூலத்துல ஒண்ணுமே இல்லைங்க. ஜெம்முல மட்டும் இருந்துச்சு. அப்படிப் பாத்தா யாருக்கும்..."

"கரண்டு போயிருச்சு. ஜெம் ஏறிருச்சு, மூலம் ஏறுறதுக்குள்ள போயிருச்சு. லேப்டாப்புல சார்ஜும் இல்ல. கரண்டு வந்ததும் ஏத்திக்கலாம்னு படுத்தேன். என் தப்புதான். ஆனா என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டேனே."

"கேட்டுட்டு எவ்வளவு நேரம் பொறுத்தீங்க?"

அண்ணன் ஒரு மூட்டையை வண்டியில் போட்டுவிட்டுத் திரும்பி வருகிற நேரம்கூட இருக்காது.

"எடுத்த பதிப்ப அதே நம்பர்ல திரும்பப் போட முடியாது," என்றாள் சுசித்ரா. "புது நம்பர்ல இப்பவே ஏத்துறேன்."

"ஏத்துங்க. வெரசா." போன் வைக்கப்பட்டது.

பதிப்பைப் புது நம்பரில் ஏற்றினாள். மூலத்தையும் சேர்த்து ஏற்றினாள். ஏறி முடிகிறவரை சிக்னல் கோடு இறங்கி ஏறி உயிரை வாங்கியது. முடிந்ததும் தாரணிக்குப் பழையபடி சாவி கொடுக்கும் அழைப்பை அனுப்பினாள். தாரணி அதை ஏற்றுக்கொண்டால்தான் அது செல்லும்.

அதற்குள் சென்னையிலிருந்து குமாரவேல் கூப்பிட்டார். கம்பெனியில் இவள் வேலையைப் பார்த்துக்கொள்கிற மேனேஜர்.

"சுசித்ரா, பதிப்பையும் அந்த ஆளோட பேரையும் உடனே எடுத்தீங்க பாருங்க, நல்ல காரியம். நம்ம கஸ்டமர் சிலரும் என்ன ஆச்சுன்னு கேக்கறாங்க. சந்தேகப்பட்ட ஒரு ஆளோட அனுமதிய நீக்கிட்டோம்னு ஒரு நோட்டீஸ் போட்டுடுங்க. அது போதும்."

"சார், அந்த ஆள் மேல தப்பே இல்ல. பதிப்பு சரியான பதிப்பு. நான்தான் பயந்துட்டேன்."

"அத யாரு கேக்கப் போறா? அந்த ஆள் யாருன்னே ஒருத்தருக்கும் தெரியாது."

"பேரு போட்டிருக்கு சார். தாரணின்னு."

"பேருதானே. நாம அவசரப்பட்டுத் தப்பு பண்ணிட்டோம்னு எழுதினா, இத எப்படி இந்தப் பொண்ணு கையில விட்டீங்கன்னு நாளைக்கு என்னைக் கேப்பாங்க. உங்க கான்ட்ராக்ட் பேப்பர் என் டேபிள்லதான் இருக்கு. சீக்கிரம் போட்டுடுங்க."

ஜெயமுருகன் கடைசி மூட்டையை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் நின்று கேட்டான்.

"என்னவாம்?"

சொன்னாள்.

"அவரு சொல்றபடி எழுதுனா யாருக்கு என்ன நட்டம்?"

"அந்தப் பொண்ணுக்குத்தான். நாளைக்கு அது வேற வேலை தேடுனா, அது பேரத்தான் தேடிப் பாப்பாங்க. திருட்டுப் பட்டம் வந்து நிக்கும். நாம அழிச்சாலும் அழியாது."

"எழுதலேன்னா உன் வேலை போயிருமா?"

"போனாலும் போகும்."

அவன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். "என்னையக் கேக்காத தாயி. என்னையக் கேட்டா எனக்கு வண்டிதான் கண்ணுக்குத் தெரியும். நீயே பாத்துக்க." ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான். பூம்பாறைப் பக்கத்து வளைவில் அது மறைகிறவரை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலைக்கு வந்த பெண்கள் மிஷினை ஓட்டினார்கள். கொட்டகை தடதடவென்று ஆடியது. சுசித்ரா நோட்டீஸ் எழுதத் தொடங்கினாள். முதலில் எழுதியதில் 'எதிர்பாராத சூழ்நிலை காரணமாக' என்று வந்தது. அதை அழித்தாள். அடுத்ததில் 'பாதுகாப்பு கருதி' என்று வந்தது. போன புரட்டாசியில் அதே வார்த்தையைப் படித்துவிட்டுத்தான் இவள் பல்லைக் கடித்தாள். அதையும் அழித்தாள்.

கடைசியில் எழுதியது இதுதான்: 'இன்று காலை நான் எடுத்துவிட்ட பதிப்பு சரியான பதிப்பு. அதைச் செய்தவர் தாரணி. மூலத்தோடு அது பொருந்தாததைப் பார்த்துப் பயந்து, பதிலுக்குக் காத்திருக்காமல், பதிப்பையும் அவருடைய அனுமதியையும் நான் நீக்கினேன். அவர் மேல் எந்தச் சந்தேகமும் இல்லை. தவறு என்னுடையது. சுசித்ரா, கூக்கால்.'

வெளியிட்டாள். மூட்டை மேல் சாய்ந்துகொண்டு போனையே பார்த்தாள்.

குமாரவேலிடமிருந்து ஒரு வரி வந்தது: 'பார்த்தேன். திங்கட்கிழமை பேசுவோம்.' அதில் கோபமும் இல்லை, வேறு எதுவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

தாரணியிடமிருந்து நெடுநேரம் எதுவும் வரவில்லை. கிடங்கின் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தாள். அழைப்புக்கு நேரே 'ஏற்கப்படவில்லை' என்றே நின்றது. மிஷினை நிறுத்திவிட்டுப் பெண்கள் சோற்றுக்குப் போனார்கள். சாப்பிட வரச் சொல்லி அம்மா ஆள் அனுப்பினாள். இவள் நகரவில்லை. ஏரிப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறிக் கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு நின்றபோது பதில் வந்தது.

'ரூமெல்லாம் வந்துருச்சு. சனத்த உள்ள விட்டாச்சு. நீங்க எழுதுனதையும் மொதலாளிகிட்டக் காட்டுனேன். சாவிக்கு லிங்க் வந்திருக்கு. அத இன்னைக்குத் தொட மாட்டேன். இன்னொரு நாள் இதே மாதிரி கரண்டு போயி, நான் பதில் சொல்லாமத் தூங்கிட்டேன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? அதச் சொல்லுங்க. அப்புறம் பாப்போம்.'

சுசித்ரா 'காத்திருப்பேன்' என்று தட்டினாள். அனுப்பும் முன்பு அதைத் திரும்பப் படித்தாள். அடுத்த தடவை உள்ளே இருப்பது நிஜமாகவே விஷமாக இருந்தால்? அந்த எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாளா? உட்கார்ந்திருக்க மாட்டாள், அது அவளுக்கே தெரியும். வார்த்தையை அழித்தாள். 'உடனே போன் பண்ணுவேன்' என்று தட்டினாள். எடுக்காவிட்டால்? அதையும் அழித்தாள்.

பொய் சொல்லி அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட மனசு வரவில்லை. உண்மையைச் சொன்னால் அவள் வருவாளா என்று தெரியவில்லை. பதில் எழுதும் வெற்றுக் கட்டத்தில் கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கியிருந்தது. பெண்கள் திரும்பி வந்து மிஷினைப் போட்டார்கள்.