மூப்பர் பெஞ்சு

வியாழக்கிழமை அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுவார்கள். இன்று செவ்வாய். அதற்குள் மெரெரித் கட்டிலை நான்கு முறை இடம் மாற்றிவிட்டாள்.

"இன்னொரு தடவை நகத்தச் சொன்னியோ, என்னையும் அதே ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ச் சேக்க வேண்டியதுதான்" என்றான் அவள் கணவன் ஹவெல்.

"அம்மாவுக்கு வெளிச்சம் வேணும்."

"முதல்ல உங்கம்மா இந்த வாசப்படிய மிதிக்கட்டும். வெளிச்சத்தை அப்புறம் பாக்கலாம்."

அதுதான் அவளை ஓரிடத்தில் நிற்கவிடாமல் விரட்டிக்கொண்டிருந்தது.

இது வீடாகி இன்னும் சுண்ணாம்பு வாசனைகூடப் போகவில்லை. அதற்கு முன் நூற்றைம்பது வருடம் கிறிஸ்தவக் கோயில். வேல்ஸ் மலையில் நாங்கள் தெருவுக்கொரு கோயில் கட்டி வைத்திருக்கிறோம்; பக்கத்துச் சபைக்காரன் கட்டினால் நாங்கள் சும்மா இருப்போமா? கட்டியவர்களுக்கு வீம்பு இருந்தது, பேரப்பிள்ளைகளுக்கு நம்பிக்கை இல்லை. சபையில் ஆறு பேர் மிஞ்சியபோது பூட்டிவிட்டு, விற்பனைக்கு என்று பலகை மாட்டினார்கள். அதைப் பார்த்த அன்றே மெரெரித் வாங்குவதென்று முடிவுகட்டிவிட்டாள்.

காரணம் அம்மா. ஐம்பத்தெட்டு வருடங்களுக்கு முன், கல்யாணமாகாமல் வயிற்றில் மெரெரித்தோடு இருந்த கிளெனிஸை, ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையை நடத்திய மூப்பர்கள் பிரசங்க மேடைக்கு முன்னால் நிறுத்தினார்கள். இவளைச் சபையிலிருந்து நீக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். எல்லோரும் தூக்கினார்கள். பத்தொன்பது வயசுப் பெண். அன்று வெளியே வந்தவள் பிறகு இந்தப் பக்கத்து நடைபாதையைக்கூட மிதித்ததில்லை. தபாலாபீசுக்குப் போவதென்றாலும் எதிர்ப்பக்கமாகவே போவாள்.

இப்போது இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவள் வீட்டு மாடிப்படி ஏணி மாதிரிச் செங்குத்து. இங்கே வரமாட்டேன் என்றால் முதியோர் இல்லம்தான். அங்கே போனால் அம்மா ஒரு குளிர்காலம் தாங்கமாட்டாள்.

வியாழனன்று ஹவெல் காரை வாசலில் நிறுத்தினான். கிளெனிஸ் இறங்கவில்லை.

"ஏன் மாப்பிள்ளை, உங்க பொண்டாட்டி என்னை மறுபடி சபையில சேக்கப் போறாளா?"

"சபையெல்லாம் கலைஞ்சுபோச்சு அத்தை. உள்ள இப்ப சமையலறை, அடுப்பு எல்லாம் இருக்கு."

"அடுப்பா? நரகம் நரகம்னு அவ்வளவு கத்தினாங்க. கடைசியில நெருப்பை உள்ளயே வச்சுட்டீங்களா!"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு இறங்கினாள். வாக்கரை ஊன்றி வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு காலை உள்ளே வைத்தாள். மெரெரித்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கட்டிலருகே வந்ததும் கிளெனிஸ் தலைமாட்டைப் பார்த்தாள். கறுத்த ஓக் பலகை, புதிதாக மெருகேற்றியது.

"இது என்ன கட்டை?"

இந்தக் கேள்விக்காகத்தான் மெரெரித் காத்திருந்தாள். "மூப்பருங்க உக்காந்த பெஞ்சும்மா. அறுத்து உனக்குத் தலைமாடு செஞ்சேன். உன்னைத் துரத்தினவங்க உக்காந்த கட்டையில நீ ராணி மாதிரி சாஞ்சுக்கோ."

கிளெனிஸ் பலகையின் இடது கோடியைத் தடவினாள். மெருகுக்கு அடியில் நாலைந்து கீறல்கள் தட்டுப்பட்டன.

"இது உங்க தாத்தா இடம். பிரசங்கம் நீண்டுபோச்சுன்னா சாவியால கீறிக்கிட்டே இருப்பாரு."

"தாத்தா மூப்பரா?"

"மூப்பர்தான். அன்னிக்கு முதல்ல கை தூக்கினதும் அவர்தான்."

மெரெரித் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். சனிக்கிழமைதோறும் மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்து, அவளைத் தோளில் உட்காரவைத்துக் கல்குவாரி வரை நடந்த தாத்தா! அவர் கோயிலுக்குப் போகாததைப் பார்த்து, மகளுக்காகச் சபையையே உதறிய மனிதர் என்று ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறாள்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? உனக்கு அவருன்னா உசிரு. எனக்கு அப்பா இல்லாமப் போனாரு, உனக்காவது தாத்தா இருக்கட்டும்னு விட்டுட்டேன். நீ பொறந்ததும் மூப்பர் பதவிய விட்டாரு, கோயிலையும் விட்டாரு. வீடு தேடி வந்தாரு. அவரு வந்தா நான் அடுக்களைக்குள்ள போயிடுவேன். அவரு சாகிற வரைக்கும் நான் அவருகிட்ட ஒரு வார்த்தை பேசல."

மெரெரித் விருட்டென்று எழுந்தாள். "ஹவெல், கடப்பாரைய எடு. இதை இப்பவே பேத்து எறியணும்."

"தொடாதே!" கிளெனிஸ் மெல்லப் படுக்கையில் ஏறிப் பலகையில் முதுகைச் சாய்த்தாள். வலியில் முகம் சுருங்கித் தெளிந்தது. "இங்கயே இருக்கட்டும். நானும் இங்கயே இருக்கேன். ஐம்பத்தெட்டு வருஷத்துப் பேச்சு பாக்கி கிடக்கு. நீங்க ரெண்டு பேரும் கதவைச் சாத்திட்டுப் போங்க."

மெரெரித் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். தாத்தாவுக்காக ஒரு வார்த்தை பரிந்து பேச அவளுக்கு வாய் துடித்தது. அன்று அவர் கை தூக்கியபோது அம்மாவின் வயிற்றில் இருந்தது தான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அப்பா, இப்பக் கேளுங்க" என்று உள்ளே அம்மா ஆரம்பித்தாள். மெரெரித் யாருக்காக என்று தெரியாமலே ஹவெலின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.