பூட்டி வைத்த பிழைக்குறிப்பு

மழையைப் பதியும் அந்தச் செயலியை யாரும் விற்கவில்லை. கொச்சியில் இருந்த சிஜுவும் முகம் தெரியாத சிலரும் ஓய்வு நேரத்தில் எழுதி, எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தார்கள். பிழை கண்டவர் எழுதிப் போட்டால் யாரும் படிக்கலாம். பள்ளிவாசல் என்ற மலையூர்ப் பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து வரும் பிழைக்குறிப்புகளை, டீ ஃபேக்டரியில் கிளார்க்கான நான் பார்த்துக்கொண்டேன்.

மேல் டிவிஷனில் கொழுந்தெடுக்கும் என் தங்கை ஞானஜோதியிடம் மழை அளக்கும் பொறுப்பைக் கொடுத்ததும் நான்தான்.

"கொழுந்து எடை போட்டா கங்காணி வைவாரு. மழைய அளந்தா வைய ஆளில்ல. இது நல்ல வேலைண்ணே" என்றாள்.

ஜூன் பதினொன்றாம் தேதி கீழ் டிவிஷன் ஏசுரத்தினம் ஒரு குறிப்பு எழுதினார். பெருமழையில் அளவுக்குழாய் மத்தியானமே நிரம்பிவிடுகிறது. கொட்டிவிட்டு மாலையில் மறுபடி அளக்கிறோம். செயலி இரண்டையும் கூட்டாமல் முதல் அளவை அழித்துவிடுகிறது.

இது வெளியே தெரிந்தால் யாரும் அளவே அனுப்பமாட்டார்கள் என்றான் சிஜு. எனக்கும் சரியென்று பட்டது. 'திருத்தும்வரை மறைத்து வைப்போம்' என்று அடியில் எழுதி, வேறு யாரும் படிக்க முடியாதபடி குறிப்பைப் பூட்டினேன். தங்கையிடம் சொன்னால் அவள் குடியிருக்கும் லயத்து வீடுகள் முழுக்கச் சொன்னது போல. சொல்லவில்லை.

பத்தொன்பதாம் தேதி அவள் மத்தியானம் தொண்ணூறு மில்லிமீட்டரும் மாலையில் எழுபதும் போட்டாள். ஒரு நாள் மழை நூற்றைம்பதைத் தாண்டினால் செயலி சிவப்பு காட்டும். உடனே லயத்தை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். செயலி மஞ்சளிலேயே நின்றது. மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்கு முன்னால், லயத்தின் மேல் மண் சரிந்து இறங்கியது. ஆறு பேர். அவளும் ஒருத்தி.

செயலியைத் திருத்திவிட்டார்கள். குறிப்பு மட்டும் பூட்டியே கிடந்தது.

மண் இறங்கிய அன்று ஜீப்போடு மறையூர் போயிருந்ததால் தப்பிய அவள் கணவர் சூசையப்பன், அக்டோபரில் என் வீட்டுக்கு வந்தார்.

"அவ தப்பா அளந்துதான் ஆறு உசுரு போச்சுன்னு லயத்துல பேசுறாக மச்சான். கல்லறைக்குப் பூ வைக்கக்கூட ஒருத்தரும் வரல. அவ சரியாத்தான போட்டா?"

குறிப்பின் பூட்டை எடுத்து ஃபோனை அவரிடம் நீட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்தார். அடியில் என் பெயரில் விரல் நின்றது.

"பதினொண்ணாந் தேதியா?"

"ஆமா."

"எட்டு நாளு இருந்திருக்கு."

அவர் குறிப்பை மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"இத யாரு தொறந்தாலும் தெரியுமா?"

"தெரியும்."

"ஒங்க பேரும்?"

"தெரியும்."

என் ஃபோனிலிருந்தே அந்தக் குறிப்பை லயத்து குரூப்பில் அனுப்பினார். போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு ஃபோனை மேசையில் வைத்தார். ஊற்றி வைத்த டீயைத் தொடாமல் படியிறங்கினார்.