விட்டுக்கொடுத்த பந்து

என் தம்பி வெண்டல் பிறந்ததிலிருந்து யாரோடும் சண்டை போட்டதில்லை. ஊரே அதை நல்ல குணம் என்று சொல்லும். அவன் பெண்டாட்டி ஓலீட்டா மட்டும் சோம்பல் என்பாள். பதினெட்டு வருஷமாக எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்றுவிட்டு மீன் பிடிக்கப் போனால் எவளுக்குத்தான் பொறுக்கும்? பனிக்காலத் தொடக்கத்தில் வீட்டை விட்டுப் போகச் சொன்னாள். அதற்கும் "உன் இஷ்டம்" என்றானாம். அன்றிலிருந்து என் வீட்டு சோபாவில் கிடக்கிறான்.

வசந்தத்தின் முதல் பந்தாட்டத்துக்கு நாள் குறித்ததும் உற்சாகமாகிவிட்டான்.

"அக்கா, இந்த ஆட்டத்துல அவ மனசை மாத்திடறேன் பாரு. என்னை வீட்டுக்குக் கூப்பிடுவா."

நான்கு மாதமாக என் சோற்றுச் சட்டியைக் காலி பண்ணியவன். கூப்பிட்டால் எனக்கும் நிம்மதிதான்.

அமெரிக்கப் பூர்வகுடிகளான ஷானிகள் எங்களுக்கு இது ஆண்களும் பெண்களும் மோதுகிற ஆட்டம். ஆண்கள் பந்தைக் காலால் உதைக்கலாம், கை படக்கூடாது. பெண்கள் பிடிக்கலாம், எறியலாம், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடலாம். தோற்ற பக்கம், வசந்தச் சடங்கான ரொட்டி நடனத்து நெருப்புக்கு விறகு சேர்க்க வேண்டும். எதிர்ப்பக்கத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்து போனால் கணக்குக்கு ஒரு குச்சி நடுவோம். என் முழங்கால் போனதிலிருந்து பெண்கள் பக்கத்துக் குச்சிகளை நான்தான் நடுகிறேன். ஆண்கள் பக்கம் க்ளெட்டஸ் கிழவர். பன்னிரண்டு குச்சி முதலில் நட்டவர்களுக்கு வெற்றி.

பதினொன்றுக்குப் பதினொன்று. பந்து ஓலீட்டா கையில். அவளுக்கும் கம்பங்களுக்கும் நடுவே வெண்டல் ஒருவன்தான். சும்மா நின்றிருந்தாலே போதும், அந்த மடையன் ஒதுங்கி வழிவிட்டான். சிரித்துக்கொண்டு வேறு.

பெண்கள் குலவையிட்டார்கள். நான் குச்சியை எடுத்தேன். ஓலீட்டா திரும்பி நடந்து வந்து பந்தை அவன் காலடியில் வைத்தாள்.

"அக்கா, அதை நடாதீங்க."

"கம்பத்தைத் தாண்டிடுச்சேம்மா."

"தாண்ட விட்டாரு உங்க தம்பி." அவன் பக்கம் திரும்பினாள். "விலகினியா இல்லையா?"

"ஜெயிச்சா நீ சந்தோஷப்படுவியேன்னு..."

"உனக்கு என்ன வேணும்னு ஒரு நாளாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கியா?"

எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "டேய், ஆடறதா இருந்தா ஒழுங்கா ஆடு. இல்லன்னா வெளிய வா."

"கணக்கு எப்படி?" என்றார் க்ளெட்டஸ்.

"நடல," என்றேன். எங்கள் பெண்கள் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே!

மறுபடி ஆரம்பித்தார்கள். வெண்டல் இப்போது ஓடினான், நிஜமாகவே ஓடினான். ஓலீட்டா சட்டையைப் பிடித்து இழுக்க, சேற்றில் குப்புற விழுந்தான்.

"சட்டையை விடுடி!"

அவன் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"விட மாட்டேன். என்ன பண்ணுவ?"

படுத்தபடியே காலை நீட்டி உதைத்தான். பந்து அவள் விரல்களுக்கு அடியில் நழுவிக் கம்பங்களுக்கு நடுவே ஓடியது. க்ளெட்டஸ் பன்னிரண்டாவது குச்சியை நட்டார்.

நாங்கள் முணுமுணுத்துக்கொண்டே விறகு பொறுக்கப் போனோம். வெண்டல் பின்னாலேயே வந்தான். மன்னிப்புக் கேட்டுக் காரியத்தைக் கெடுக்கப் போகிறான் என்று பயந்தேன்.

ஓலீட்டா நிமிராமலே சொன்னாள்: "கூரை ஒழுகுது. தகரம் போடலாம்னு இருக்கேன்."

அவன் தலையைச் சொறிந்தான்.

"தகரம் வேண்டாம். மழை பெஞ்சா பேசறது காதுல விழாது."

"அங்க பேசறதுக்கு யாரு இருக்கா?"

"நான் வந்து பேசணும். எனக்கு வீட்டுக்கு வரணும், ஓலீட்டா."

அவள் கண் கலங்கியது. எனக்கும்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "அப்ப வந்து இந்தக் கட்டையைத் தூக்கு."

"முடியாது," என்றான் என் தம்பி. "தோத்தது நீங்க."

ஓலீட்டா வாய்விட்டுச் சிரித்தாள். விறகெல்லாம் ஏற்றி முடித்ததும், வண்டியில் பக்கத்து இருக்கைக் கதவை அவனுக்காகத் திறந்துவிட்டாள்.