ஆறாம் பந்தி

தொலைந்துபோன காணி உறுதிப் பத்திரம் என் அபாயாவுக்குள்ளே, வயிற்றோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. அது தொலையவே இல்லை என்பது எனக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும்தான் தெரியும். லோயர் மிஸ்ஸின் மேசையிலோ, உறுதி தொலைந்துவிட்டதென்று நான் சொல்வதாக அடித்த சத்தியக் கடதாசி கிடந்தது.

“மீராசாஹிப் ஹாஜியார் இப்ப வந்துருவார் அக்கா,” என்றார் யூஜீனியா மிஸ். “அவர் சமாதான நீதவான். அவருக்கு முன்னால நீங்க கையெழுத்து வச்சா, நாங்க கோட்டுக்குப் போகலாம். விளங்கிச்சா?”

“ஓம் மிஸ்,” என்றேன்.

எங்கள் கரையில் என் வாயைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கருவாடு எடுக்க வரும் முதலாளிமார் என்னோடு விலை பேசப் பயப்படுவார்கள். என் மனுசன் ஃபஸ்லான், நான் மூச்சு வாங்குகிற நேரம் பார்த்துத்தான் தன் கதையைச் சொல்லுவார். ஆனால் கறுப்புக் கோட்டைக் கண்டால் போதும், அந்த வாய் ஆமைத் தலை மாதிரி உள்ளே போய்விடும். ஓம் என்ற ஒரு சொல்தான் மிஞ்சும்.

காணி கல்பிட்டிக் கரையில் இருக்கிறது. வாப்பா என் பேருக்கு எழுதித் தந்தது. முன்பாதியில் கருவாடு காயப்போடும் பரண், பின்பாதியில் வீடு. இவ்வளவுதான் எங்கள் சீவியம். அதைத் தான் வேறு ஆளிடம் வாங்கிவிட்டதாகக் கொழும்பு ஹோட்டல்காரன் ஒருவன் வழக்குப் போட்டுவிட்டான். தோற்றால் நாங்கள் பாய் தலையணையோடு ரோட்டில்.

வழக்கை விட எனக்கு லோயர்மாரில்தான் பயம். காரணம் என் கூடப்பிறந்த அஸாம் நானா. அவருடைய காணி வழக்கில் ஒரு லோயர் உறுதியை வாங்கித் தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். கூலி எவ்வளவு என்று எழுத்தில் ஒன்றும் இல்லை. வழக்குக் கூப்பிடும் தவணைக்குத் தவணை அவர் கேட்டது கேட்டதுதான். வழக்கு முடிந்த பிறகும், மிச்சச் சல்லி வந்தால்தான் உறுதி வரும் என்றுவிட்டார். நானா போட் எஞ்சினை விற்று அதை மீட்டார். அதற்குப் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை, போக எஞ்சின் ஏது?

அதனால்தான் இந்த வழக்கோடு முதன்முதல் போன அன்று யூஜீனியா மிஸ் உறுதியைக் கேட்டபோது, என் வாயில் பொய் வந்து நின்றது. “அசல் தொலைஞ்சு போச்சு மிஸ். நகல் மட்டும்தான் இரிக்கி.”

அன்றைக்கே அவர் ஒப்பந்தம் ஒன்றையும் நீட்டினார். அவருக்கு நான் தர வேண்டிய கட்டணத்தைப் பற்றிய ஒப்பந்தம், தமிழில், இலக்கம் போட்ட பந்தி பந்தியாக. வாசிக்கத் தொடங்கினார். எனக்குக் காதில் ஒன்றும் ஏறவில்லை. அஸாம் நானாவின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. ஒவ்வொரு பந்திக்கும் மிஸ் விளங்கிச்சா என்றார், நான் ஓம் என்றேன்.

“இண்டைக்குக் கையெழுத்து வைக்க வேணாம்,” என்றார் கடைசியில். “வீட்ட கொண்டுபோய் வாசிங்க. நம்பிக்கையான ஆள் ஒருத்தர்ட்டயும் காட்டுங்க.”

அதைக் கேட்டதும் எனக்கு இரட்டிப்புப் பயம். கையெழுத்து வை என்று அவசரப்படுத்துகிறவனைத் தெரியும். வைக்காதே என்கிறவள் எவ்வளவு பெரிய கள்ளியாக இருப்பாள்! யோசிக்க யோசிக்க நடுக்கம் கூடும் என்று, பேனாவைப் பறித்து அங்கேயே கையெழுத்து வைத்துவிட்டு ஓடிவந்தேன். என் பிரதியை வீட்டில் அரிசி வாளிக்கு அடியில் போட்டேன். எடுத்துப் பார்க்கவே இல்லை.

இன்றைக்கு உறுதியைக் கூடவே கொண்டுவந்தது, வீட்டில் வைத்துவிட்டு வரவும் பயம் என்பதால்தான்.

ஹாஜியார் வந்தார். வெள்ளைத் தொப்பி, தடித்த கண்ணாடி. ஸலாம் சொல்லிக் கதிரையில் இருந்தார். கடதாசியை மெல்ல வாசித்தார். “சுபுஹானல்லாஹ், எப்படி மகள் தொலைஞ்சது?” என்று பாவப்பட்டார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். “அல்லாஹ்வ முன்வச்சுச் சொல்லணும். இதில உள்ள அவ்வளவும் உண்மைதானே?”

ஓம் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வயிற்றில் உறுதி சரசரத்தது. பொய்ச் சத்தியம் செய்தால் மறியலில் அடைப்பார்கள் என்று ஃபஸ்லான் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. மறியலை விடுங்கள், மறுமையில் இந்த வயிற்றை எங்கே கொண்டுபோய் ஒளிப்பேன்?

“தொலையல்ல,” என்றேன். அபாயாவுக்குள் கையை விட்டு உறுதியை எடுத்து மேசையில் வைத்தேன். “அஸாம் நானாக்குச் செஞ்ச மாதிரி நீங்களும் பூட்டி வச்சிருவீங்க எண்டு பயந்துட்டன் மிஸ்.”

ஹாஜியார் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். மிஸ் கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. முகத்தில் இரத்தமே இல்லை.

“போன தவணை ஜட்ஜ் ஐயாக்கு முன்னால நான்தான் சொன்னன் அக்கா, தொலைஞ்சு போச்சு எண்டு. என்ட வாயால.” ஒப்பந்தத்தை எடுத்து என் பக்கம் திருப்பினார். ஒரு இடத்தில் விரலை வைத்தார். “ஆறாம் பந்தி. வாசிங்க.”

எழுத்துத் தெரியாதவள் இல்லை நான். வாசித்தேன். கட்சிக்காரரின் அசல் உறுதியைச் சட்டத்தரணி கட்டணத்துக்கு ஈடாக வைத்திருக்கக் கூடாது. நீதிமன்றத்துக்குத் தேவையான நாளில் பற்றுச்சீட்டுக் கொடுத்து வாங்கி, வேலை முடிந்ததும் கட்டணப் பாக்கி இருந்தாலும் திருப்பிக் கொடுக்க வேண்டும். என் கையெழுத்து அதற்குக் கீழேதான் இருந்தது.

கண் தானாக அடுத்த பந்திக்குப் போனது. கட்சிக்காரர் உண்மையை மறைத்தால் சட்டத்தரணி வழக்கிலிருந்து விலகலாம்.

“மிஸ்,” என்றேன். அந்தப் பந்தியைத் தொட்டுக் காட்டினேன்.

“அதப் பிறகு பாப்பம்,” என்று அவர் பற்றுச்சீட்டு எழுதினார். “இப்ப இத நான் கொண்டு போகணும். தருவீங்களா?”

என் விரல் உறுதியை விடவில்லை. மனசு விட்டது, விரல் விடவில்லை. ஹாஜியார்தான் “விடு மகள்” என்றார்.

நீதிமன்றத்தில் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். போன தவணை தான் சொன்னது பிழை என்றும், அசல் இதோ என்றும் மிஸ் சொன்னார். கட்சிக்காரி பொய் சொன்னாள் என்று ஒரு வார்த்தை இல்லை. ஹோட்டல்காரனின் லோயர் வாயைப் பொத்திச் சிரித்தார். விசாரித்துப் பார்க்காமல் இனி இந்த மன்றத்தில் எதையும் சொல்ல வேண்டாம் என்று ஜட்ஜ் ஐயா எல்லோர் முன்னிலும் ஏசினார். மிஸ்ஸின் காது இரண்டும் சிவந்துபோயிருந்தன. அந்த ஏச்சு எனக்குரியது. அசலைப் பார்த்துக் குறித்துக்கொண்டு ஜட்ஜ் ஐயா சாட்சிகளைக் கேட்கும் விளக்கத்துக்கு நாள் போட்டார். காணி இன்னும் கையை விட்டுப் போகவில்லை.

வெளியே வந்ததும் மிஸ் முதல் செய்த காரியம், உறுதியை என் கையில் வைத்ததுதான். சல்லியைப் பற்றி மூச்சும் விடவில்லை.

“விலகப் போறீங்களா மிஸ்?”

“இல்ல. ஆனா இன்னொருக்கா விளங்காம ஓம் எண்டு சொன்னீங்களோ, விலகிருவன்.”

தன் கந்தோருக்குத் திரும்பி, மிஸ் ஒப்பந்தத்தை முதல் பந்தியிலிருந்து வாசித்தார். நான் கதிரை நுனியில் இருந்து கேட்டேன். கட்டணம் எவ்வளவு, எப்போது தருவது, தோற்றால் என்ன, எல்லாம் வந்தது. மூன்றாம் பந்தியில் ஒரு வசனம் நீளமாகப் போய் எங்கோ முடிந்தது.

“விளங்கிச்சா?”

வாய் பழக்கத்தில் திறந்தது. உறுதியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன்.

“இல்ல மிஸ்,” என்றேன். “விளங்கல்ல.”

அவர் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, “எந்த இடம்?” என்று கேட்டார்.