கஞ்சி போட்ட சாட்டை

எனக்குச் சாமி கிடையாது. இது தெருவுக்கே தெரியும். தெரிந்தும், பெரிய வெள்ளி நாடகத்தில் சாட்டையால் அடிக்கும் சிப்பாய் வேடத்துக்கு என்னைத்தான் பிடித்தார்கள். பக்தியுள்ளவர்கள் ஒருத்தரும் அந்த வேடத்தைக் கட்டமாட்டேன் என்றுவிட்டார்களாம்.

"உனக்குத்தான் பாவம் புண்ணியம் ஒண்ணும் கிடையாதே. நீ அடிடா" என்றார் விசில் அண்ணன். வாயைத் திறக்காமல் விசில் ஊதியே நாடகத்தை நடத்துகிறவர் அவர். அடி வாங்கப் போகிறவர் என் மச்சான், அக்காவின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறார். தாடியும் பொறுமையும் ஏற்கெனவே இருந்ததால் இயேசு வேடத்துக்கு அவரைத் தவிர வேறு யாரையும் அவர்கள் யோசிக்கவே இல்லை.

சாட்டை என் பொறுப்பு. நான் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். கிழிந்த படுக்கை விரிப்புக்குப் பஞ்சமில்லை. ஒன்பது நாடா கிழித்து, நுனியில் முடிச்சுப் போட்டு, சிவப்புச் சாயத்தில் முக்கினேன். பருத்தி நாடா மேலே பட்டால் வலிக்காது, முதுகில் சிவப்புக் கோடு மட்டும் விழும். ஆனால் நாடாக்கள் துவண்டு தொங்கியது என் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. தொழில் புத்தி சும்மா இருக்குமா? சாயத்தோடு கெட்டியாகக் கஞ்சியைக் கலந்துவிட்டேன். இரண்டு நாள் வெயிலில் முடிச்சுகள் கொட்டை மாதிரி இறுகிப்போனதை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மச்சானும் நானும் ஒரு பேச்சு வைத்திருந்தோம். அவர் கத்தினால் அது நடிப்பா நிஜமா என்று எனக்குத் தெரியாது. அதனால், "நெஜமா வலிச்சா இடது கட்டவிரலத் தூக்குவேன். அத்தோட நிறுத்திடு மாப்ள" என்றார். "சரி மச்சான்" என்றேன்.

மத்தியான வெயிலில் திறந்தவெளி மேடை. மொத்தம் பன்னிரண்டு அடி. மேடையேறும்போது சாட்டை நுனியைச் சாயத்தில் தொட்டுக்கொண்டு போனேன். மூன்றாவது அடியில் மச்சான் கத்திய கத்தலில் கூட்டம் அடங்கிப்போனது. ஐந்தாவது அடியில், தூணோடு கட்டியிருந்த கையில் கட்டைவிரல் மட்டும் மெதுவாக எழுந்தது. பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஏழு அடி அடித்தேன்.

மச்சான்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அக்கா என்னைத் திட்டும்போதெல்லாம் குறுக்கே வந்து நிற்கிற மனிதர் அவர். கோபம் இருந்திருந்தால் இப்போது கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். நான் கையை ஓங்கினால் முன்னூறு பேர் மூச்சைப் பிடித்தார்கள், இறக்கினால் விட்டார்கள். என் கைக்காக அதுவரை யாரும் காத்திருந்ததில்லை. சொல்ல நாக்கு கூசுகிறது, அது சுகமாக இருந்தது.

திரை விழுந்ததும் ஆளாளுக்கு வந்து கையைக் குலுக்கினார்கள். தத்ரூபம் என்றார்கள். விசில் அண்ணன் விசிலை மறந்து வாயாலேயே பாராட்டினார். அக்காதான் சாட்டையை எடுத்துத் தடவிப் பார்த்தாள்.

"அடப்பாவி! காலருக்குப் போடற கஞ்சிய இதுக்குப் போட்டிருக்கியே!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குப்புறப் படுத்திருந்த மச்சானும் சிரித்தார். நானும் தலையைச் சொறிந்துகொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். தப்பு முழுவதையும் கஞ்சி ஏற்றுக்கொண்டது. விரலைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சனிக்கிழமை முழுக்கச் சலவை இயந்திரத்தின் வட்டக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தேன். வெள்ளை விரிப்புகள் சுற்றிச் சுற்றி விழுந்தன. கண் செருகியது. விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று தெரியாத அந்த நிலையில், நுரைக்குள்ளிருந்து ஒரு கட்டைவிரல் எழும், அமுங்கும், திரும்ப எழும். செத்தவர் எழுந்தது உண்மையா பொய்யா என்பதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. அன்றைக்கு அவரை அடித்தது உண்மை. யாரோ ஒருவன் உட்கார்ந்து அந்தச் சாட்டையைப் பின்னியிருப்பான். வேலை சுத்தமாக இருக்கவேண்டும் என்று அவனும் நினைத்திருப்பான். அடித்தவன் சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கைகழுவிச் சாப்பிட்டிருப்பான். வெள்ளிக்கிழமை நானும் நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

ஈஸ்டர் காலையில் அக்கா கூப்பிட்டாள். "நான் கோயிலுக்குக் கெளம்பறேன். நீ வந்து உங்க மச்சானுக்கு மருந்து போட்டு விடு. நீ பண்ண வேலைதானே!"

உயிர்த்தெழ வேண்டியவர் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். சட்டை போட முடியவில்லை. கடையில் கழித்துப்போட்ட லென்ஸுகளை அவர் நூலில் கோத்து ஜன்னலில் தொங்கவிட்டிருப்பார். காற்றுக்கு அவை திரும்ப, சுவரிலும் போர்வையிலும் அவர் முதுகிலும் சின்னச் சின்ன ஒளி வட்டங்கள் ஊர்ந்தன. தொலைவில் மணி அடித்தது. அது எங்கோ தண்ணீருக்கு அடியில் அடிப்பதுபோல் இருந்தது. அடுப்பில் தேநீர் வைத்தேன். ஆற்றிக் கொடுத்தேன். தலையை மட்டும் தூக்கிக் குடித்தார்.

"சக்கர சரியா இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குக் கண் கலங்கியது.

களிம்பை விரலில் எடுத்துத் தோளிலிருந்து ஆரம்பித்தேன். வட்டங்கள் என் கைமேலும் ஊர்ந்தன. பாதி முதுகு வரை வந்திருந்தேன்.

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான்."

"நான் வெரலத் தூக்குனேன். வெயில் கண்ணுல அடிச்சிருக்கும், நீ பாத்திருக்க மாட்டே."

நான் தப்பிக்க ஒரு கதவைத் திறந்துவிட்டதுபோல் காத்திருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வெளியே போய்விடலாம். கஞ்சிக்குப் பக்கத்தில் வெயிலையும் நிறுத்தி, ஆயுசு முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்கலாம்.

"பாத்தேன்" என்றேன்.

முதுகு இறுகியது.

"எத்தனாவது அடியில?"

"அஞ்சு."

ஒரு வட்டம் அவர் தோளிலிருந்து இறங்கிப் போர்வைக்குப் போய், திரும்பி வந்தது.

"ஏன்டா?"

"எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க மச்சான். நல்லா இருந்துச்சு." அவ்வளவுதான் வந்தது. அழுதேன். மருந்துக் கையால் துடைத்துக்கொண்டதில் கண் இன்னும் எரிந்தது.

அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மிச்சத்தையும் போடு. காயுது" என்றார்.

போட்டேன். தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த இடது கையில் கட்டைவிரல் எழுந்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டேன். விரல் இறங்கியது. இன்னும் மெதுவாக ஆரம்பித்தேன். இடுப்புக்கு மேலே, தோல் வெறுமனே இருந்த இடத்தில் தடவும்போது விரல் மறுபடி எழுந்தது. நிறுத்தினேன்.

"இங்க காயமே இல்லையே மச்சான்?"

"தெரியும்" என்றார், முகத்தைத் தலையணைக்குள் வைத்துக்கொண்டே. "நிறுத்துறியான்னு பாத்தேன்."

அதற்குப் பிறகு அவர் விரலைத் தூக்கவில்லை. நான்தான் கடைசிவரை அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.