மேல்மாடிக்காரர் பாடிய பிற்பகல்

1

இது ஒரு பயணக் கட்டுரையாகத்தான் தொடங்கியது. சென்னையிலிருந்து ஒரு நண்பர், நான் வசிக்கும் கிரேக்கத் தீவைப் பற்றிப் பத்திரிகைக்கு நாலு பக்கம் கேட்டார். எங்கே தங்கலாம், என்ன சாப்பிடலாம், கடல் எப்படி. நானும் உட்கார்ந்து எழுதினேன்.

"ஏஜியன் கடலின் நீலத்துக்குத் தமிழில் சொல் இல்லை. வெள்ளைச் சுவர்களின் மேல் வெயில் விழும்போது"

அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டேன். எங்கள் ஊரில் சுவர்கள் கருங்கல். கடலும் மலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. இரண்டாவது முறை:

"துறைமுகத்திலிருந்து ஏறும் பேருந்து கடைசியாக நிற்கும் இடத்தில் ஒரு சிறிய ஓட்டல். அண்ணனும் தங்கையும் நடத்துகிறார்கள். அண்ணன் ஸ்த்ராதிஸ், தங்கை கல்லிரோயி. இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை."

இங்கே பேனா நின்றது. (பேனா என்பது ஒரு பேச்சுக்கு. கணினிதான்.) இதற்கு மேல் எழுதினால் எங்கே தங்கலாம் என்பதற்கு அதில் இடம் இருக்காது என்று தெரிந்தது. நண்பரிடம் கட்டுரை வராது என்று சொல்லிவிட்டேன்.

2

நான் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன். வேலையை விட்ட பிறகு ஒரு வாரம் ஓய்வெடுக்க இந்த ஓட்டலுக்கு வந்தேன். குளிர்காலப் புயலில் படகு வரவில்லை. சும்மா இருக்க முடியாமல் வெந்நீர்க் கொதிகலனைப் பிரித்துச் சரிசெய்தேன். படகு வந்தபோது கிளம்ப மனம் வரவில்லை. இப்போது கோடியறை என்னுடையது. என் தாடி நரைத்ததும் அதில்தான்.

மேல்மாடியும் அறைகளும் ஸ்த்ராதிஸின் பொறுப்பு. கீழே சமையலறையும் முற்றத்து மேசைகளும் கல்லிரோயியின் ராஜ்யம். இரண்டுக்கும் நடுவே நான்.

"தம்பி, மேல போறியா? அந்த ஆள்கிட்ட சொல்லு, மூலை ரூம்ல சன்னல் கொக்கி கழண்டு தொங்குது."

"உங்க அண்ணன்கிட்டயா?"

"எனக்கு ஏது அண்ணன்? மேல்மாடில ஒருத்தன் குடியிருக்கான், அவன்கிட்ட."

மேலே போனால் ஸ்த்ராதிஸ் துண்டுகளை மடித்துக்கொண்டே, நிமிராமல் பதில் சொல்வார்.

"சமையக்காரம்மா அனுப்பினாங்களா? கொக்கி போன வாரமே மாட்டியாச்சு. கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாக்கச் சொல்லுங்க."

நான் இல்லாதபோது விருந்தாளிகள் தூது போவார்கள். கோடைதோறும் வரும் நார்வேக்காரர் ஒருவருக்குத் தெரிந்த ஒரே கிரேக்க வாக்கியம், "சுடுதண்ணி வரலைன்னு அவன்கிட்ட சொல்லு" என்பதுதான். துறைமுகக் காப்பிக்கடையில் அதை வணக்கம் போலச் சொல்லித் தொப்பியைக் கழற்றுவார்.

[ஒரு குறிப்பு. இவர்கள் பேசியது கிரேக்கம். நான் எழுதுவது தமிழ். ஆனால் கல்லிரோயி வாயைத் திறந்தால் எனக்குக் காதில் விழுவது இந்தத் தமிழ்தான். என்ன செய்ய?]

ஏன் பேசுவதில்லை? ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எல்லைச் சுவர் என்பார்கள். கல்லிரோயியைக் கேட்டு வந்த ஒரு மாப்பிள்ளையை ஸ்த்ராதிஸ் விரட்டினார் என்பார்கள். நான் அவளிடமே கேட்டேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒருநாள் காலைல காப்பி கொண்டுபோய்க் குடுத்தேன். வாங்கிக்கிட்டான். வாயத் திறக்கல. அன்னிலேருந்து அப்படித்தான்."

"ஏன்னு கேக்கலையா?"

"அவனா சொல்லட்டும்னு இருந்தேன். அவன் நான் கேக்கட்டும்னு இருந்தானோ என்னவோ. ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்கதானே."

3

ஸ்த்ராதிஸ் பாத்திரம் எனக்குச் சரியாக அமையவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். முதல் பிரதியில் அவரைக் கல்நெஞ்சக்காரராக எழுதினேன். படித்துப் பார்த்தால், வழி தவறி வந்த ஆட்டுக்குட்டியைச் சட்டைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர் வரை நடந்த ஸ்த்ராதிஸ் அதில் இல்லை. இரண்டாவது பிரதியில் மகானாக்கினேன். அதில் சமையக்காரம்மா என்று தங்கையைக் குத்தும் ஸ்த்ராதிஸ் இல்லை. மூன்றாவது

(விட்டுவிடுகிறேன். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.)

அவர் எங்கள் தேவாலயத்தில் பாடகர். பேசும்போது கரகரக்கும் குரல், பாட ஆரம்பித்தால் அகலமாக விரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லிரோயி பெண்கள் பக்கத்தில், தூணை ஒட்டி நின்று கேட்பாள். வெளியே வரும்போது ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

"கடவுளோட மணிக்கணக்கா பேசுறான் பாத்தியா. எனக்கு ஒரு குட்மார்னிங் கிடையாது."

4

ஒலிவ அறுவடையின்போது அது நடந்தது. மரத்தடியில் விரித்திருந்த வலையின் மேல், காய்களுக்கு நடுவே ஸ்த்ராதிஸ் விழுந்து கிடந்தார். ஒரு பக்கம் வாய் கோணியிருந்தது. ஹெலிகாப்டர் வந்தது. கல்லிரோயி மாவு ஒட்டிய கையோடு, சமையல் ஏப்ரனோடு அதில் ஏறினாள். தீவை விட்டு வெளியே போவதென்றால் ஒரு வாரம் யோசிப்பவள் அவள்.

குளிர்காலம் முழுவதும் நகரத்து மருத்துவமனையில் இருந்தார்கள். ஈஸ்டருக்கு முந்திய நோன்பின் நடுவில் திரும்பினார்கள். அவருடைய வலது கை மடியில் கிடந்தது. மற்றவர் சொல்வது எல்லாம் புரிந்தது, பேச்சு மட்டும் போய்விட்டது. போன பேச்சில் ஒரே ஒரு சொல் தங்கியிருந்தது: நாளைக்கு.

"ஸ்த்ராதிஸ், காப்பி சாப்பிடுறியா?"

"நாளைக்கு."

"வலிக்குதா?"

"நாளைக்கு."

காப்பிக்கடை ஆட்கள் விடுவார்களா? "இதுல என்னய்யா மாத்தம், கூரையச் சரி பண்ணுன்னா எப்பவும் இதத்தானே சொல்லுவான்" என்றார்கள். ஸ்த்ராதிஸும் சிரித்தார். பாதி முகம் மட்டும் சிரித்தது.

எனக்குத் தூது வேலை போயிற்று. கல்லிரோயி இப்போது நேரடியாக, ஓயாமல் பேசினாள். மருந்தைப் பற்றி, வெயிலைப் பற்றி, அவர் சரியாக மெல்லாததைப் பற்றி. ஒரு காலையில், அவர் கழுத்தில் துணியைக் கட்டியபடியே, சாதாரணமாகக் கேட்டாள்.

"சரி, நானே கேக்குறேன். தோத்துட்டேன்னு வச்சுக்க. ஏன் என்னோட பேசல?"

அவர் அவளைப் பார்த்தார். உதடுகள் வேறு எதற்கோ தயாராயின. நெற்றி நரம்பு புடைத்தது.

"நாளைக்கு."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள்.

5

இந்தப் பகுதியைத்தான் அதிகமாக எழுதி அடித்திருக்கிறேன். அடித்தவற்றில் இரண்டு:

"வானம் திறந்தது போல"

"கல்லறையிலிருந்து எழுந்து வந்த"

இரண்டும் வேண்டாம். நடந்தது இவ்வளவுதான். குருத்தோலை ஞாயிறு. அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டுபோய்ப் பாடகர் மேடைக்குப் பக்கத்தில் விட்டேன். அவர் இடத்தில் பள்ளி ஆசிரியர் பாடிக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் பாடினார். ஒரு வரியின் முடிவில் மூச்சு வாங்க நிறுத்தினார்.

அந்த இடைவெளியில் அடுத்த வரி வந்தது. ஆசிரியரிடமிருந்து வரவில்லை.

சொற்கள். முழுச் சொற்கள், ஒன்றன்பின் ஒன்றாக, ஓரம்கூடச் சிதையாமல். நீளமான பழைய சொற்கள். நான் இத்தனை வருடம் இங்கே இருந்தும் நாக்கு புரளாத சொற்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். ஆசிரியர் புத்தகத்தை மூடினார். ஃபோட்டிஸ் பாதிரியார் தூபக் கலசத்தை அசைக்க மறந்து நின்றார்; புகை அசையாமல் ஒரு கயிறு போல மேலே போயிற்று. பெண்கள் பக்கம் யாரும் விசும்பவில்லை. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்திருந்தார்கள் என்பது, பாட்டு முடிந்து அத்தனை பேரும் மூச்சு விட்டபோதுதான் தெரிந்தது.

பாதிரியார் இறங்கி வந்தார். "ஸ்த்ராதிஸ், எப்படிப்பா?"

ஸ்த்ராதிஸ் அவரைவிட ஆச்சரியத்தோடு வாயைத் திறந்தார்.

"நாளைக்கு."

தேவாலயமே சிரித்தது. அழுதுகொண்டே சிரித்தது. நான் கல்லிரோயியைத் தேடினேன். அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. தூணை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

[மறுநாள் தொலைபேசியில் மருத்துவர் விளக்கினார். பேச்சு தலையின் ஒரு பக்கம், பாட்டுக்கு மறுபக்கமும் துணை. ஒன்று பழுதானாலும் மற்றது வேலை செய்யலாம். இப்படிப் பலருக்கு நடந்திருக்கிறதாம். எனக்குப் புரிந்தது, அடைத்த குழாயைச் சுற்றி மாற்றுக் குழாய் போடுகிறவன்தானே நான். ஆனால் புரிந்த பிறகும் அந்தப் புகைக் கயிறு என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஒன்று எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் வியப்பு குறையும் என்று சொன்னவர்கள், ஓடும் எஞ்சினுக்கு அருகில் நின்றிருக்க மாட்டார்கள்.]

6

மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். தெரிந்த ராகத்தில் புதுச் சொல்லை ஏற்றிப் பாருங்கள், இடது கையில் தாளம் தட்டுங்கள், வந்தால் வரும்.

அன்றிலிருந்து சமையலறை பள்ளிக்கூடமாயிற்று. கல்லிரோயிக்குப் பாட வராது. கதவு கிறீச்சிடுவது போலிருக்கும். ஆனாலும் எதிரே உட்கார்ந்து, அவர் இடது கையைத் தன் முழங்காலில் வைத்துத் தட்டித் தட்டி இழுப்பாள். பல நாள் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒருநாள் "தண்ணீ" வந்தது, ஆராதனை ராகத்தில். பிறகு "உப்பு".

கோடையில் நார்வேக்காரர் வந்தார். முற்றத்தில் ஸ்த்ராதிஸ் நற்செய்தி வாசிக்கும் ராகத்தில் உப்பு கேட்டதும், மனிதர் தேவாலயத்தில் நிற்பது போல எழுந்து நின்றுவிட்டார்.

"உக்காருங்க, உக்காருங்க" என்றாள் கல்லிரோயி. அண்ணனிடம், "உப்புக்கு இவ்வளவு இழுப்பா? முடிக்கிறதுக்குள்ள சூப் ஆறிடும்."

ஸ்த்ராதிஸ் யோசித்தார். இழுத்துப் பாடினார்: "ஆ-ற-ட்டும்."

அவர் தாமாகச் சேர்த்த முதல் சொல் அது. அவள் கரண்டியை மேசையில் வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

7

இனி அந்தப் பிற்பகல். விருந்தாளிகள் கடலுக்குப் போயிருந்தார்கள். நான் மாடியில் ஓர் அறைக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். கல்லிரோயி படியேறி வந்தாள். பால்கனியில் அண்ணனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் இடது கையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

"இப்பச் சொல்லு. எனக்கு அவசரம் இல்ல."

அவர் சுருதியைத் தேடினார். கிடைத்தது.

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் காரணம் மலை போலப் பெரியது. பேசாமல் இருந்தது அவளைக் காப்பாற்றத்தான் என்று தெரிகிறது. இன்னொன்றில் காரணம் அற்பம். காப்பியில் சர்க்கரை தூக்கல், அவ்வளவுதான், அதன் பிறகு தொடங்க வெட்கம். மூன்றாவதில் அவருக்கே மறந்துவிட்டது. மூன்றும் நன்றாக வந்திருக்கின்றன. மூன்றும் பொய்.

உண்மையில் அவர் பாடினார். நீளமாக, திணறி, தவறி, முதலிலிருந்து மறுபடி. அவள் நடுவே "ம்" மட்டும் சொன்னாள். ஓரிடத்தில், பாடத் தெரியாத கல்லிரோயி அவருக்குப் பதிலாக ஒரு வரி பாடினாள். நான் எண்ணெய்க் குப்பியோடு அப்படியே நின்றேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

திரும்பி வந்தபோது என்னைப் பார்த்தாள்.

"இங்கயேதான் நின்னியா?"

"ஆமா."

"எழுதிருவ."

"எழுதட்டுமா?"

முந்தானை போல ஏப்ரனால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "நடந்தத எழுதிக்க. பாட்ட மட்டும் விட்டுடு. அது எங்க அண்ணன் எனக்குச் சொன்னது."

அன்று மாலை இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். மீனில் முள் எடுத்து அவர் தட்டில் வைத்துக்கொண்டே அவரைத் திட்டினாள்.

ஆகவே பாட்டு என்னிடம் இருக்கிறது, இந்தப் பக்கத்தில் இருக்காது. அந்த இடம் காலியாக இருப்பது உங்களுக்கு உறுத்தினால், ஒன்று செய்யலாம். உங்களோடும் ஒருவர் பேசாமல் போயிருப்பார். ஏன் என்று நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். அவரை அந்த நாற்காலியில் உட்கார வையுங்கள். இடது கையை எடுத்து உங்கள் முழங்காலில் வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகத் தட்டுங்கள். அவசரம் இல்லை என்று சொல்லுங்கள். அவர் கண்ணை மூடிச் சுருதியைத் தேடுகிறார். இதோ வாயைத் திறந்து